விரையில் வரும் கட்டி எல்லாம் ஒன்றல்ல

பெத்தாலஜி ரிப்போர்ட் கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் தேடுவது புற்றுநோயா இல்லையா என்பதைத்தான். பல உறுப்புகளில் அந்தப் பதிலே பாதிக் கதையைச் சொல்லிவிடும். விரையில் அது போதாது. வயதுக்கு வந்த ஆணின் விரைக்குள் கெட்டியாக ஒரு கட்டி இருந்தால் அது பெரும்பாலும் புற்றுதான், ஸ்கேன் பார்க்கும்போதே டாக்டர் அதை ஊகித்திருப்பார். எங்களிடம் அனுப்புவது, அது எந்த வகை, அதற்குள் என்னென்ன கலந்திருக்கிறது, எங்கெல்லாம் நுழைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்காக. அந்தப் பெயரைப் பொறுத்து ஒருவர் ஆபரேஷனோடு வீட்டுக்குப் போய்விடலாம், இன்னொருவர் கீமோவுக்குப் போக வேண்டும், மூன்றாமவருக்கு வயிற்றைத் திறந்து இன்னொரு பெரிய ஆபரேஷனும் தேவைப்படும். மூன்று பேருக்கும் வெளியில் தெரிந்தது வலியில்லாத ஒரே மாதிரி வீக்கம்தான்.

நான் ஒரு பெத்தாலஜிஸ்ட், ஆபரேஷனில் எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்பவர். எங்கள் லேபுக்கு விரை வருவது அபூர்வம். இந்தியாவில் இந்தப் புற்று வருடத்துக்கு ஒரு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது. டென்மார்க், நார்வே பக்கம் அதே கணக்கு பத்துப் பேரை ஒட்டி நிற்கிறது. அபூர்வம் என்றாலும் வரும் வயதுதான் உறுத்துகிறது. பெரும்பாலும் 15-லிருந்து 40-க்குள். படிப்பு முடித்து வேலை தேடுகிற, கல்யாணப் பேச்சு நடக்கிற வயது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல், ஓதமாக இருக்கும், விரைவீக்கமாக இருக்கும், கிரிக்கெட் பந்து பட்டதால் இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். அடிபட்டதால் இந்தப் புற்று வருவதாக ஆதாரம் எதுவும் இல்லை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது ஏற்கெனவே உள்ளே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான்.

மற்ற கட்டிகளுக்குச் செய்வதுபோல இதில் ஊசி போட்டு பயாப்ஸி எடுப்பதில்லை. ஏன் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கருவில் விரை உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்; அங்கிருந்து பிறப்பதற்கு முன்பு கீழே இறங்குகிறது, இறங்கும்போது தன் ரத்தக் குழாய்களையும் நிணநீர்க் குழாய்களையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால் விரையிலிருந்து பரவும் புற்று முதலில் போய்ச் சேரும் இடம் தொடையிடுக்கு அல்ல, வயிற்றின் பின்சுவரில் பெருந்தமனியை ஒட்டியிருக்கும் நிணநீர் முடிச்சுகள். விரைப்பையின் தோலுக்கு மட்டும் வடிகால் தொடையிடுக்கில் இருக்கிறது. பை வழியாகக் குத்தினாலோ கீறினாலோ புற்றுக்கு நாமே இன்னொரு வழியைத் திறந்துவிட்டதாக ஆகும். ஆகவே தொடையிடுக்குக்குச் சற்று மேலே கீறி, விந்து நாணை (விரையின் ரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் சேர்ந்த கயிறு) உயரத்தில் கட்டி அறுத்து, விரையை முழுதாக வெளியே எடுப்பதுதான் முறை. விரைவீக்கம் என்று நினைத்துப் பையைக் கீறி, உள்ளே கட்டியைக் கண்ட பிறகு பாதியில் நிறுத்தி அனுப்பிய கேஸ்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அடுத்து வரும் சிகிச்சைக் கணக்கே சிக்கலாகிவிடுகிறது.

எடுத்த விரை இருக்கும் டப்பா எங்கள் மேஜைக்கு வந்ததும் முதலில் வெட்டுவது கட்டியை அல்ல, நாணின் மேல் முனையை. காரணம் இருக்கிறது. செமினோமா என்ற வகை மிகவும் மிருதுவானது, கத்தி பட்டதும் செல்கள் உதிர்ந்து கத்தியோடு ஒட்டிக்கொண்டு போகும். கட்டியை வெட்டிய அதே கத்தியால் நாணை வெட்டினால், அங்கே இல்லாத புற்று ஸ்லைடில் இருப்பதுபோலத் தெரியும். ரத்தக் குழாய்க்குள் புற்று நுழைந்திருக்கிறதா என்று பார்க்கும்போதும் இதே தொல்லை. குழாய்க்குள் நாலு செல் தளர்வாக மிதப்பதைப் பார்த்து உடனே எழுதிவிடக் கூடாது, குழாயின் சுவரோடு ஒட்டியிருக்கிறதா, குழாயின் வடிவத்துக்கு ஏற்ப அடைத்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் நன்றாக ஊறாத விரையில் இந்தக் குழப்பம் இரண்டு மடங்கு. அதனால்தான் ரிப்போர்ட் ஏன் இன்னும் வரவில்லை என்று போன் வரும்போது, அது இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது என்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, வகைகளுக்கு வருவோம். விரைக் கட்டிகளில் சுமார் 95 சதவீதம், விந்தணுவை உண்டாக்கும் மூலச் செல்களிலிருந்து வருபவை. ஜெர்ம் செல் கட்டிகள் என்கிறோம். இவற்றைச் செமினோமா, செமினோமா அல்லாதவை என்று இரண்டாகப் பிரிப்பது பழைய வழக்கம், சிகிச்சை கொடுப்பவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் வசதி. 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு வேறொரு கேள்வியை முன்னால் கொண்டுவந்தது: இந்தக் கட்டி அதற்கு முந்தைய நிலையான ஒரு கோளாற்றிலிருந்து முளைத்ததா, இல்லையா?

அந்த முந்தைய நிலையை 1972-இல் விவரித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்காக்கெபெக். குழந்தையில்லை என்று வந்த ஆண்களின் விரையிலிருந்து எடுத்த பயாப்ஸியில், விந்து நுண்குழாய்களின் ஓரத்தில் வரிசையாகப் பெரிய விநோதமான செல்கள் உட்கார்ந்திருப்பதைக் கவனித்து, இது புற்றுக்கு முன்னோட்டமாக இருக்கலாம் என்று எழுதினார். அது சரியாகவே இருந்தது. இன்று அதற்கு ஜெர்ம் செல் நியோபிளேசியா இன் சிட்டு என்று பெயர், லேபில் சுருக்கமாக இன் சிட்டு என்போம். வெளுத்த சைட்டோபிளாசம் (உட்கருவைச் சுற்றியுள்ள செல்லின் உள்பகுதி), பெரிய உட்கரு (நியூக்ளியஸ்), தடித்த குழாய்ச் சுவர், அந்தக் குழாயில் விந்தணு உற்பத்தி அநேகமாக நின்றுபோயிருக்கும். கருவில் விந்தணுவின் மூதாதைச் செல்லாக இருந்தது வளர்ச்சியடையாமல் அப்படியே தேங்கி, வயதுக்கு வரும் வரை சும்மா கிடந்து, ஹார்மோன் கூடியதும் விழித்துக்கொள்கிறது என்பதுதான் இன்றைய புரிதல். விழித்த பிறகு விட்டுவைத்தால் ஐந்து வருடத்துக்குள் சுமார் பாதிப் பேருக்குக் கட்டியாக மாறுகிறது.

வித்து கருவிலேயே விழுகிறது என்பதற்கு டென்மார்க்கிலேயே இன்னொரு சான்றும் உண்டு. வருடத்துக்கு வருடம் அங்கே இந்த நோய் கூடிக்கொண்டே வந்தபோது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிறந்தவர்களிடம் மட்டும் அது குறைந்திருந்தது. பிறந்து இருபது முப்பது வருடம் கழித்து வரும் நோயில், தாய் வயிற்றில் இருந்த காலத்தின் சுவடு தெரிகிறது. விரை கீழே இறங்காமல் வயிற்றிலோ தொடையிடுக்கிலோ தங்கிவிட்ட குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் இந்த ஆபத்து பல மடங்கு கூடுவதும், இறங்கிய மற்ற விரைக்கும் ஓரளவு ஆபத்து இருப்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. பையனுக்கு ஒரு பக்கம் விரை இறங்கவில்லை என்று தெரிந்தால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று பாட்டி சொல்வதைக் கேட்டு வருடங்களைத் தள்ளாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் தானாக இறங்குவது அரிது, ஒரு வயதை ஒட்டி ஆபரேஷன் செய்து இறக்கிவிடுவதே வழக்கம்.

அந்த இன் சிட்டுவிலிருந்து வருபவற்றில் மிக அதிகம் செமினோமா. ஜெர்ம் செல் கட்டிகளில் ஏறக்குறைய பாதி. முப்பதுகளிலும் நாற்பதுகளின் தொடக்கத்திலும் வருகிறது. விரையை நடுவில் வெட்டிப் பிளந்தால் வெளிர் சாம்பலும் கிரீமும் கலந்த ஒரே நிறத்தில், மடல் மடலாகப் பிதுங்கி நிற்கும். ரத்தக்கசிவு, அழுகல் பெரும்பாலும் இராது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மருத்துவ மாணவர்கூட மறக்க மாட்டார்: ஒன்றுபோல் ஒன்றாக உருண்டையான பெரிய செல்கள், தெளிவான எல்லைக்கோடு, கிளைகோஜன் நிறைந்த வெளுத்த சைட்டோபிளாசம், நடுவில் எடுப்பான உட்கரு. எல்லாம் வரிசையாக ஊற்றிய ஆஃப்பாயில் மாதிரி இருக்கும். இடையிடையே நார்த்திசு சுவர்கள் ஓடும், அந்தச் சுவர்களில் லிம்போசைட்டுகள் என்ற எதிர்ப்புச் செல்கள் மொய்த்துக் கிடக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தி இவ்வளவு வெளிப்படையாக வந்து நிற்கும் கட்டிகள் அதிகமில்லை.

அந்த எதிர்ப்பு சில சமயம் அளவுக்கு மீறிப் போய் கிரானுலோமாக்களாக, அதாவது எதிர்ப்புச் செல்களின் சிறு முடிச்சுகளாகத் திரண்டுவிடும். நம் ஊரில் கிரானுலோமா என்றதும் மனசு காசநோய்க்குத்தான் ஓடும், விரையிலும் அதை ஒட்டிய விந்துச் சுருள்குழாயான எபிடிடிமிஸிலும் டிபி வருவதும் உண்மைதான். கிரானுலோமாவே ஸ்லைடை நிறைத்திருந்தால் அவற்றுக்கு நடுவே ஒதுங்கி நிற்கும் செமினோமா செல்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இம்யூனோ, அதாவது குறிப்பிட்ட புரதங்களைச் சாயமேற்றிக் காட்டும் சோதனை பண்ணுவோம்: ஆக்ட் 3/4 என்ற சாயம் உட்கருவில் பளிச்சென்று ஏறும், கிட் என்பது செல்லின் எல்லையில் ஏறும். இவை இரண்டும் ஏறினால் டிபி மருந்து எழுதுவதை நிறுத்திவிட்டு வேறு டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான்.

இதே கட்டி ஓவரியில் வந்தால் டிஸ்ஜெர்மினோமா, மூளையின் பினியல் பகுதியில் வந்தால் ஜெர்மினோமா. விரைக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில் எப்படி என்றால், மூலச் செல்கள் பிறப்பது விரையில் அல்ல. கருவின் நான்காவது வாரத்தில் அவை மஞ்சட்கருப் பையின் சுவரில் இருக்கின்றன, அங்கிருந்து உடலின் நடுக்கோட்டை ஒட்டி நகர்ந்து விரையோ ஓவரியோ உருவாகப்போகும் மேட்டுக்கு வந்து சேர்கின்றன. வழியில் தங்கிவிட்டவை பிற்காலத்தில் கட்டியாகும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அதனால் இவை உடலில் வேறெங்காவது வந்தால் நடுக்கோட்டில்தான் வரும்: மூளையின் நடு, நெஞ்சின் நடு, வயிற்றின் பின்சுவர், வால் எலும்பு. யுவராஜ் சிங்குக்கு வந்தது இந்த வகைதான். 2011 உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 113 அடித்த அன்று மைதானத்திலேயே வாந்தி எடுத்தது நினைவிருக்கலாம். வெயில் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நெஞ்சின் நடுவே, இரண்டு நுரையீரலுக்கும் இடையில் செமினோமா. 2012-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் கீமோ எடுத்து, அதே வருடம் மறுபடி இந்தியாவுக்கு ஆடினார். அவருக்கு வந்தது நுரையீரல் புற்று என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். நுரையீரல் புற்றாக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

இனி செமினோமா அல்லாதவை. இவற்றைப் புரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி, ஒரு கரு எப்படி உருவாகிறது என்று நினைத்துக்கொள்வது. மூலச் செல் விந்தணுவாகும் பாதையை விட்டுவிட்டுத் தான் ஒரு கரு என்று நினைத்து நடக்க ஆரம்பித்தால், அது எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்தப் பெயரில் கட்டி.

எதுவாகவும் மாறாத ஆரம்பக் கட்டத்தில் நின்றால் எம்ப்ரியோனல் கார்சினோமா. இருபதுகளில், செமினோமாவுக்குப் பத்து வருடம் முன்னதாகவே வருகிறது. அளவில் சிறியது, ஆனால் வெட்டிப் பார்த்தாலே முரடு என்று தெரியும்: எல்லை ஒழுங்காக இராது, அங்கங்கே ரத்தக்கசிவு, அழுகல். செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், எல்லைக்கோடே தெரியாது, உட்கருக்கள் தாறுமாறாக, செல் பிரிதல் எங்கு பார்த்தாலும். இம்யூனோவில் சிடி 30 ஏறும், கிட் ஏறாது. செமினோமாவில் இது நேர்மாறு. ரத்தக் குழாய்க்குள் நுழைவதில் இது தீவிரமானது. ரிப்போர்ட்டில் இந்த வகையின் சதவீதத்தைத் தனியாக எழுதச் சொல்வது அதனால்தான்.

மஞ்சட்கருப் பையின் திசுவாக மாறினால் யோக் சாக் கட்டி. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விரையில் மிக அதிகம் வரும் புற்று இதுதான். குழந்தைகளிடம் தனியாக வரும், பெரியவர்களிடம் பெரும்பாலும் மற்றவற்றோடு கலந்து வரும். குழந்தைகளுக்கு வருவது இன் சிட்டுவிலிருந்து முளைப்பதில்லை, குணமும் சாதுவானது. பெரும்பாலான குழந்தைகள் முழுதாகக் குணமடைகிறார்கள். ஸ்லைடில் சல்லடை சல்லடையாக நுண்ணிய இடைவெளிகள், ஊடே இளஞ்சிவப்பு உருண்டைகள். நடுவில் ஒரு ரத்தக் குழாய், அதைச் சுற்றிக் கட்டிச் செல்கள், அதற்கு வெளியே ஒரு இடைவெளி என்ற அமைப்பு தென்பட்டால் அது ஷில்லர்-டுவால் உரு. பரீட்சையில் தவறாமல் கேட்பார்கள், ஆனால் நிஜத்தில் ஏறக்குறைய பாதிக் கட்டிகளில்தான் தென்படும், காணோம் என்பதற்காக இந்த வகை இல்லை என்று ஆகாது. வால்டர் ஷில்லர் 1939-இல் இதைச் சிறுநீரக மூலத்திசுவின் கட்டி என்று நினைத்தார். டென்மார்க்கின் குன்னார் டைலும்தான் பின்னர் எலியின் நஞ்சுக்கொடி அமைப்போடு ஒப்பிட்டு இது மஞ்சட்கருப் பை என்று காட்டினார். விரைப் புற்று ஆராய்ச்சியில் டென்மார்க்காரர்கள் அடிக்கடி வருவது தற்செயல் அல்ல, நோய் அவர்கள் ஊரில்தானே அதிகம். இந்தக் கட்டி ஏஎஃப்பி என்ற புரதத்தை ரத்தத்தில் விடும். பிறந்த குழந்தைக்கு இயல்பாகவே ஏஎஃப்பி மிக அதிகமாக இருக்கும், சில மாதங்களில்தான் இறங்கும். ஆகவே கைக்குழந்தையின் ரிசல்ட்டைப் பெரியவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டுப் பதறக் கூடாது.

நஞ்சுக்கொடியாக மாறினால் கோரியோகார்சினோமா. இதுதான் இந்தக் கூட்டத்தில் மிக மோசமானது. தனியாக வருவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு, மற்றவற்றோடு கலந்து கொஞ்சம் கொஞ்சம் வரும். நஞ்சுக்கொடியின் வேலையே ரத்தக் குழாயைத் துளைத்து உள்ளே போவது. இந்தக் கட்டியும் அதைத்தான் செய்கிறது, நிணநீருக்காகக் காத்திருக்காமல் நேராக ரத்தத்தில் ஏறி நுரையீரல், கல்லீரல், மூளைக்குப் போய்விடும். விரையில் கட்டி சுண்டைக்காய் அளவுகூட இராது, பையில் வீக்கமே தெரியாது, ஆள் இருமலில் ரத்தம் வருகிறது என்று நெஞ்சு டாக்டரிடம் போயிருப்பார். ஸ்லைடில் ரத்தக்கசிவுதான் பெரும்பகுதி, அதன் ஓரத்தில் ஒற்றை உட்கரு கொண்ட செல்களும் பல உட்கரு கொண்ட பெரிய செல்களும் சேர்ந்து நிற்கும். இரண்டும் இருக்க வேண்டும். பெரிய செல்கள் மட்டும் அங்கங்கே சிதறிக் கிடந்தால் அது கோரியோகார்சினோமா அல்ல, செமினோமாவிலேயே கொஞ்சம் பேருக்கு அப்படி இருக்கும். அவர்களுக்கு ஹெச்சிஜி லேசாக ஏறும், அவ்வளவே. ஹெச்சிஜி என்பது கர்ப்பத்தில் சுரக்கும் அதே ஹார்மோன். கோரியோகார்சினோமா உள்ள ஆணின் சிறுநீரைக் கர்ப்பம் பார்க்கும் கிட்டில் விட்டால் இரண்டு கோடு விழலாம். அதற்காக வீட்டில் கிட் வாங்கிப் பார்த்து, ஒரு கோடுதான் வந்தது, புற்று இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம், பெரும்பாலான விரைப் புற்றுகள் அதில் ஏமாற்றிவிடும்.

முழு உடலையே செய்ய முயன்றால் டெரட்டோமா. தோல், குருத்தெலும்பு, குடல் சுவர், நரம்புத் திசு, சுரப்பிகள் எல்லாம் ஒழுங்கில்லாமல் ஒரே இடத்தில். வெட்டினால் நீர்க்கட்டிகளும் கெட்டியான துணுக்குகளும் மாறி மாறி வரும். இங்கேதான் வயது எல்லாவற்றையும் தலைகீழாக்குகிறது. வயதுக்கு வராத பையனுக்கு வரும் டெரட்டோமா சாது, எடுத்துவிட்டால் முடிந்தது. வயதுக்கு வந்த ஆணுக்கு வருவது ஸ்லைடில் எவ்வளவு முதிர்ந்து, எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் பரவக்கூடியது, ஏனென்றால் அது இன் சிட்டுவிலிருந்து வந்தது, அதன் செல்களில் 12-ஆம் குரோமோசோமின் குட்டைக் கை (அதன் இரண்டு பகுதிகளில் சிறியது) கூடுதலாக இருக்கும். ஓவரியில் வரும் முதிர்ந்த டெரட்டோமாவோ எந்த வயதிலும் பெரும்பாலும் சாது. ஒரே திசு, ஒரே தோற்றம், பெயரும் ஒன்று, ஆனால் யாருடைய உடலில், எந்த வயதில் என்பதை வைத்து அர்த்தம் முழுதாக மாறுகிறது. ரிக்விசிஷன் பாரத்தில் வயதை எழுதாமல் ஸ்பெசிமென் அனுப்புகிறவர்கள் மேல் எனக்கு வரும் கோபத்துக்கு இது ஒரு நியாயமான காரணம்.

நிஜத்தில் இவை தனித்தனியாக வருவதைவிடக் கலந்து வருவதே அதிகம். கட்டியின் ஒரு மூலையில் எம்ப்ரியோனல், நடுவில் டெரட்டோமா, ரத்தம் கசிந்த இடத்தில் கடுகளவு கோரியோகார்சினோமா. கலப்பு ஜெர்ம் செல் கட்டி என்று பெயர் வைத்து, ஒவ்வொன்றும் சுமார் எத்தனை சதவீதம் என்று எழுதுவோம். இதற்குத்தான் குறைந்தது சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு என்ற கணக்கில் எடுக்க வேண்டும், நிறம் மாறுகிற, ரத்தம் தெரிகிற ஒவ்வொரு இடத்திலும் எடுக்க வேண்டும், சிறிய கட்டி என்றால் முழுதையும் வைத்துவிட வேண்டும். ஸ்லைடில் சுத்தமான செமினோமா, ரத்தத்தில் ஏஎஃப்பி தெளிவாக ஏறியிருக்கிறது என்றால் அங்கே ஸ்லைடை நம்பக் கூடாது. செமினோமா ஏஎஃப்பி சுரக்காது. கல்லீரல் கோளாறு போன்ற வேறு காரணம் இல்லையென்றால், நாம் வெட்டாத ஏதோ ஒரு மூலையில் யோக் சாக் ஒளிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். டப்பாவை மறுபடி எடுத்து மிச்சத்தையும் வெட்ட வேண்டும். கிடைக்காவிட்டாலும் சிகிச்சை செமினோமா அல்லாதது என்ற கணக்கில்தான் போகும். விரையை எடுத்த பிறகு ஏஎஃப்பி, ஹெச்சிஜி போன்ற மார்க்கர்கள் (ரத்தத்தில் கட்டியைக் காட்டிக்கொடுப்பவை) இறங்குகிற வேகத்தையும் பார்ப்பார்கள். ஏஎஃப்பி ஐந்திலிருந்து ஏழு நாளில் பாதியாகும், ஹெச்சிஜி ஒன்றரை நாளுக்குள் பாதியாகும். அப்படி இறங்காவிட்டால் வேறெங்கோ கட்டி இன்னும் இருக்கிறது.

ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். வயிற்றில் பெரிய நிணநீர்க் கட்டி, பயாப்ஸியில் ஜெர்ம் செல் புற்று, விரையில் பார்த்தால் ஒன்றுமில்லை, ஒரு சின்னத் தழும்பு மட்டும். பரவிய பிறகு தாய்க் கட்டி தானாகவே எரிந்து அடங்கிவிட்டது. அந்தத் தழும்பின் பக்கத்தில் இன் சிட்டு தென்பட்டால் கதை உறுதியாகிவிடும்.

பெயரில் குழப்பம் செய்த ஒரு வகை ஸ்பெர்மாட்டோசைட்டிக் கட்டி. 1946-இல் பியர் மாஸான் விவரித்தது, 2016 வரை இதையும் செமினோமா என்றே அழைத்தார்கள். உறவே கிடையாது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வரும், இன் சிட்டு இருக்காது, லிம்போசைட் கூட்டம் இருக்காது, விரையைத் தவிர வேறெங்கும் வராது. சின்னது, நடுத்தரம், ராட்சதம் என்று மூன்று அளவில் செல்கள் கலந்து நிற்பதுதான் அடையாளம். மெதுவாக வளரும், பரவுவது மிக அரிது, விரையை எடுத்ததோடு முடிந்துவிடும். செமினோமா என்று தப்பாகப் படித்தால் அறுபது வயதுக்காரருக்குத் தேவையில்லாத சிகிச்சை போகும்.

மிச்சமிருக்கும் ஐந்து சதவீதத்தில் லேடிக் செல் கட்டி, செர்டோலி செல் கட்டி இரண்டும் முக்கியம். லேடிக் செல்தான் ஆண் ஹார்மோன் சுரக்கும் செல், செர்டோலி செல் வளரும் விந்தணுவைத் தாங்கும் செல். அதன் கட்டி வெட்டினால் பொன்னிறம் கலந்த பழுப்பு, செல்லுக்குள் ரெய்ன்கே படிகங்கள் என்ற குச்சி வடிவங்கள் சிலரிடம் தெரியும். சின்னப் பையனுக்கு வந்தால் ஆறேழு வயதிலேயே குரல் உடையும், மீசை அரும்பும். பெரியவருக்கு வந்தால் மார்பு பெருக்கும். செர்டோலி கட்டி பெரும்பாலும் ஹார்மோன் விஷயத்தில் அமைதியாகவே இருக்கும். இரண்டிலும் பத்தில் ஒன்று போல் கெட்ட குணம் உண்டு, கீமோவுக்கு அவ்வளவாக மசியாது.

அறுபதைத் தாண்டியவருக்கு விரையில் புதிதாகக் கட்டி என்றால் முதலில் லிம்போமாவை, அதாவது லிம்போசைட்டுகளிலிருந்து வரும் புற்றைத்தான் நினைக்க வேண்டும். விந்துக் குழாய்களை அழிக்காமல் அவற்றுக்கு இடையில் புகுந்து பரவும், சில சமயம் இரண்டு பக்கமும் வரும், பிறகு மூளையில் போய் எழும்பும் பழக்கம் உண்டு. ஜெர்ம் செல் கட்டி என்று நினைத்து விரையை எடுத்திருப்பார்கள், எங்கள் ரிப்போர்ட் போனதும் நோயாளி யூராலஜியிலிருந்து வேறு துறைக்கு மாறிவிடுவார்.

இத்தனை வகையையும் இவ்வளவு மெனக்கெட்டுப் பிரிப்பதற்குக் காரணம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. 1965-இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க் பாக்டீரியாவில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தபோது, அவை பிரியாமல் நீண்டுகொண்டே போயின. செய்தது மின்சாரம் அல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம். 1974-இல் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துப் பரவிய விரைப் புற்றுக்குக் கொடுத்தார். அதற்கு முன் பரவிவிட்டால் பிழைப்பவர் பத்தில் ஒருவர் இருந்தாலே பெரிது, இன்று பரவியவர்களிலும் பத்தில் எட்டுப் பேர் குணமடைகிறார்கள். 1996-இல் நுரையீரல், மூளை வரை போயிருந்த சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் மீண்டதும் அந்த ஊரில்தான். பிறகு சைக்கிள் பந்தயத்தில் அவர் செய்தது வேறு விவகாரம்.

ஆனால் சிஸ்பிளாட்டினுக்கு டெரட்டோமா கரையாது. கூட இருக்கும் எம்ப்ரியோனலும் யோக் சாக்கும் கரைந்துபோய், மார்க்கர் எல்லாம் சரியாகி, ஸ்கேனில் மட்டும் வயிற்றுப் பின்சுவரில் கட்டி அப்படியே நிற்கும், சில சமயம் வளரவும் செய்யும். அதை ஆபரேஷன் செய்து எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்ததைப் பார்த்தால் சிலரிடம் வெறும் அழுகலும் தழும்பும், கிட்டத்தட்ட அதே அளவு பேரிடம் டெரட்டோமா, பத்தில் ஒருவர் போல் உயிருள்ள புற்று. முதல் ரிப்போர்ட்டில் டெரட்டோமா ஐந்து சதவீதம் என்று யாரோ ஒருவர் பொறுமையாகப் பார்த்து எழுதிய வரி இங்கே வந்துதான் உதவும்.

ரிப்போர்ட் கையில் இருப்பவர்கள் பெயருக்குக் கீழே ரத்தக் குழாய், நிணநீர்க் குழாய் நுழைவு பற்றிய வரியையும், ரீட்டி டெஸ்டிஸ் (விந்து நுண்குழாய்கள் வந்து சேரும் வலை), விரையின் வாசல் கொழுப்பு (குழாய்கள் விரைக்குள் நுழையும் இடத்தில் இருப்பது), விந்து நாண் ஆகியவற்றைப் பற்றிய வரிகளையும் பார்த்து, ஏதாவது விட்டுப்போயிருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் கீமோவுக்கு முன்பே, முடிந்தால் ஆபரேஷனுக்கு முன்பே விந்தணு சேமித்து வைப்பது பற்றிப் பேசிவிட வேண்டும், கல்யாணம் ஆகாதவரிடம் டாக்டரும் வீட்டாரும் இதைப் பேசத் தயங்கியே நாளைக் கடத்துகிறார்கள். அப்புறம், வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் மட்டும் போதாது. லேபில் ஸ்லைடும், திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கும் இருக்கும், எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். அவற்றோடு ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த ஏஎஃப்பி, ஹெச்சிஜி ரிசல்ட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.